பழைய அம்பாசடர் அடிக்கடி கொதிக்கிறதா? வெயிலைத் திட்டாதீங்க... உள்ளே ஊற்றிய தண்ணீரைப் பாருங்க!

ஏப்ரல் பிறந்தால் போதும். கல்யாணத்துக்கு அலங்கரித்த பழைய அம்பாசடரோ, ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புக்கு வந்த பியட்டோ, ஏதாவது ஒன்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க சாலையோரம் நிற்பதைப் பார்க்கலாம். "இது வெள்ளைக்காரன் ஊர் டிசைன், நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்று கூட்டத்தில் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு தப்பு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டதுதான் அம்பாசடர். ஆனால் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அந்தக் கார், டெல்லியின் மே மாத வெயிலிலும் சென்னையின் டாக்சி ஸ்டாண்டிலும் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது. புதிதாக இருந்தபோது கொதிக்காத வண்டி இப்போது ஏன் கொதிக்கிறது? வெயில் புதிதல்ல. டிசைனும் மாறவில்லை. மாறியது உள்ளே சேர்ந்திருக்கும் உப்பும் துருவும், வழியில் யாரோ கழற்றி எறிந்த சில பாகங்களும்தான்.

அப்படியானால் பழைய காரின் கூலிங் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எவ்வளவு சூடு?

பெட்ரோல் எரியும்போது வரும் மொத்த ஆற்றலில் சக்கரத்துக்குப் போவது ஒரு பகுதிதான். தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு வரும்.

அம்பாசடரில் பல ஆண்டுகள் இருந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினின் திறன் சுமார் 50 குதிரைத்திறன். அதாவது 37 கிலோவாட். முழு வேகத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். உங்கள் வீட்டு பாத்ரூமில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் போல 18 கீசர்களை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு! இதை ஒரு பித்தளைப் பெட்டியும், ஒரு ரப்பர் பெல்ட்டில் சுற்றும் ஃபேனும் சமாளிக்கின்றன. ஆகவே அந்தப் பெட்டியில் நாலில் ஒரு பங்கு குழாய் அடைத்துக்கொண்டாலும் கணக்கு தப்பிவிடும்.

உண்மையான வில்லன் யார்?

போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடாக்கினால் படியும். டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். என்ஜினுக்குள் இந்தப் படிவம் எங்கே அதிகம் சேரும் தெரியுமா? எந்த இடம் அதிகச் சூடாக இருக்கிறதோ, அங்கே. அதாவது சிலிண்டரைச் சுற்றியும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியும். எந்த இடத்துக்குக் குளிர்ச்சி அதிகம் வேண்டுமோ அந்த இடத்துக்கே இந்தச் சுண்ணாம்புப் படிவம் போர்வை போர்த்திவிடுகிறது. இரும்போடு ஒப்பிட்டால் சூட்டைக் கடத்தும் திறன் இந்தப் படிவத்துக்குப் பல மடங்கு குறைவு.

இரண்டாவது, துரு. என்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. துரு தடுக்கும் மருந்து இல்லாத வெறும் தண்ணீரில் அது வருஷக்கணக்கில் ஊறினால் என்ன ஆகும்? செம்மண் சேறு போல ஒரு வண்டல் பிளாக்கின் அடியில் தங்கும். முன்பக்கம் வாட்டர் பம்ப் இருப்பதால் அங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும். பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றி ஓட்டம் குறைவு. சேறு அங்கேதான் குடியேறும். மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே நாலாவது சிலிண்டர் மட்டும் தனியாகச் சூடேறுவதும் உண்டு.

இதைச் சரி செய்யாமல் குடத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் முதலில் ஹெட் கேஸ்கெட் போகும். அடுத்து ஹெட் வளையும், இல்லையென்றால் விரிசல் விடும். கேஸ்கெட் மாற்றலாம். ஹெட்டை ஃபேஸிங் செய்யலாம். விரிசல் விட்ட ஹெட்டுக்கு மாற்று தேடித்தான் அலைய வேண்டும்.

எப்போது சூடாகிறது என்று கவனித்தீர்களா?

பாகங்களை வாங்கிக் குவிக்கும் முன் இதைக் கவனியுங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டர் இதழ்களுக்கு இடையில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம். சிலர் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டிவிடுவதும் உண்டு.

நெடுஞ்சாலையில் வேகமெடுத்தாலோ, மலை ஏறினாலோ மட்டும் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. பெரும்பாலும் ரேடியேட்டர் குழாய் அடைப்பு.

ஸ்டார்ட் செய்த ஐந்து பத்து நிமிடத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆரம்பத்திலேயே விடாமல் குமிழி வந்தால் எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். டிப் ஸ்டிக்கில் ஆயில் டீ நிறத்தில் இருந்தாலும் அதே சந்தேகம்தான். இந்த நிலையில் ரேடியேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கி இருந்தாலோ, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ கூட என்ஜின் சூடாகும். கூலிங் சிஸ்டத்தின் மேல் பழி போடும் முன் டைமிங்கைப் பார்ப்பது நல்லது. காசு செலவில்லாத வேலை.

ரேடியேட்டரை என்ன செய்வது?

பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. இணைப்புகள் எல்லாம் ஈயப் பற்று. இதில் ஒரு பெரிய நன்மை, கழற்றிப் பிரித்துச் சரி செய்ய முடியும். இப்போதைய கார்களில் வரும் பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரில் அது கஷ்டம்.

முதலில் வெளிப்புறம். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். காற்று வரும் திசையிலேயே அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும், ஜாக்கிரதை.

உள்ளே அடைப்பு இருக்கிறதா? வண்டி நன்றாகச் சூடானதும் என்ஜினை அணைத்துவிட்டு, கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோர் முழுக்கப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழே சீராகக் குறைய வேண்டும். நடுவில் சில பட்டைகள் மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை. கருப்பு பெயின்ட் அடித்த கோரில் இந்தச் சோதனை சரியாக வரும், பளபளக்கும் பித்தளையில் ஏமாற்றும்.

அடைப்பு உறுதியானால் ரேடியேட்டர் கடைக்குத்தான் போக வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பித்தளை வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேல் டேங்கைச் சூடு காட்டி ஈயத்தை உருக்கிக் கழற்றி, தட்டையான நீளக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் ஈயம் வைத்து மூடுவார்கள். பிறகு காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஒழுகலைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் கட்டம் இது. கேட்டு வாங்கிப் பாருங்கள். இதழ்களை விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தால் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை. பழைய டேங்குகளை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாக மாற்றச் சொல்லலாம்.

"அலுமினியம் போட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாக வேலை செய்யும், எடையும் குறைவு. ஆனால் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த வின்டேஜ் பதிவு விதிகள், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. சேஸிஸ், பாடி, என்ஜின் மாற்றங்களைத்தான் அவை குறிப்பாகச் சொல்கின்றன. ரேடியேட்டரை மாற்றினால் பதிவு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. இருந்தாலும் பழைய பித்தளையைக் காப்பாற்ற முடியும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுவது எதற்கு என்பதே நம் கேள்வி.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடும் வித்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள், ஒழுங்காக இருக்கும் குழாய்களையும் அடைக்கும். வீடு வந்ததும் முழுவதும் வடித்துக் கழுவிவிடுங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்தால் போதுமா?

போதாது. பலர் பணத்தை வீணடிப்பது இங்கேதான். ரேடியேட்டரைப் பளிச்சென்று ஆக்கி மாட்டுவார்கள். பிளாக்கில் இருக்கும் சேறு கலங்கி வந்து, இரண்டே மாதத்தில் அதே குழாய்களை மறுபடி அடைத்துவிடும்.

பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய் இருக்கும். அதைத் திறந்தால் பல வண்டிகளில் ஒரு சொட்டு கூட வராது. தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கிறது. குழாயை முழுக்கக் கழற்றி, கம்பியால் குத்திக் கிளற வேண்டும். நன்றாக இறுகியிருந்தால் பிளாக்கின் பக்கத்தில் வட்டமாகத் தெரியும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, அந்த ஓட்டை வழியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். என்ஜினை இறக்கும் வாய்ப்பு கிடைத்தால் இந்த வேலையை விடவே கூடாது. பழைய பிளக்கை மறுபடி அடித்து மாட்டாதீர்கள், புதியது விலை அதிகமில்லை.

கரைக்க என்ன ஊற்றலாம்? சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, இந்த வேலைக்கு மென்மையானது. தண்ணீரில் கரைத்து ஊற்றி, என்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி, ஆறவைத்து வடித்து, தெளிந்த நீர் வரும் வரை கழுவ வேண்டும். கடைசியில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்து ஓட்டினால் மிச்சப் புளிப்பு போய்விடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உப்புப் படிவத்தோடு சேர்த்து இரும்பையும் ஈயப் பற்றையும் தின்னும். காஸ்டிக் சோடா அலுமினிய பாகங்களை அரித்துவிடும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்க சார்" – சரியா?

நம் ஊர் பட்டறைகளில் அதிகம் கேட்கும் அறிவுரை இதுதான். பாதிக்கும் மேற்பட்ட பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் திறக்கும். 74 டிகிரியில் திறப்பது, 82 டிகிரியில் திறப்பது என வகைகள் உண்டு. வெப்பமான ஊர்களுக்கு 74 நல்ல தேர்வு. ஒரு முறை முழுக்கத் திறந்துவிட்டால் அது ரேடியேட்டரின் வேலைக்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே, கொதிக்கும் வண்டிக்கு அதைக் கழற்றுவது நோயைத் தீர்க்காது. சூடேற ஆகும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்.

சரி, இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? என்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். ஆயிலில் ஈரம் தங்கி சேறாகும். தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். வாரத்துக்கு ஒரு நாள் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இது ரொம்பக் கெடுதல்.

"தெர்மோஸ்டாட் இல்லேன்னா தண்ணி வேகமா ஓடிடும், ரேடியேட்டர்ல ஆற நேரம் இருக்காது" என்று எதிர்ப்பக்கம் வாதிடுபவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. வேகமாக ஓடும் தண்ணீர் ரேடியேட்டரில் இருக்கும் நேரம் குறைவுதான், ஆனால் அதே தண்ணீர் அடிக்கடி வந்து போகிறதே!

வால்வு நல்லதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, ஒரு தெர்மாமீட்டர் போட்டு, எந்தச் சூட்டில் திறக்கிறது என்று கவனித்தால் போதும். புதியதையும் மாட்டும் முன் இப்படிப் பார்ப்பது நல்லது.

மூடிக்கும் கொதிநிலைக்கும் என்ன சம்பந்தம்?

பிரஷர் குக்கர் கதைதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. மலையில் கணக்கு தலைகீழ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் போன பழைய வண்டி குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது ஏன் திணறுகிறது என்று இப்போது புரிகிறதா? என்ஜின் அதிகமாக உழைக்கும் அதே நேரத்தில் கொதிநிலை கீழே இறங்கி வருகிறது.

அதற்காகப் புதுக் கார்களின் 13, 15 பி.எஸ்.ஐ. மூடியை மாட்டிவிடாதீர்கள். பழைய ஈயப் பற்று அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. உங்கள் வண்டிக்கு என்ன அளவோ அதே அளவு மூடியைப் போட வேண்டும்.

இதோடு ஒரு குழப்பமும் தீர வேண்டும். பழைய ரேடியேட்டரில் கூடுதல் பாட்டில் கிடையாது. கழுத்து வரை நிரப்பினால், சூட்டில் விரியும் தண்ணீர் வழிந்து வெளியேறியே தீரும். மேலே ஓர் அங்குலம் காலியாக வந்து நின்றுவிடும். "தினமும் தண்ணி குறையுது" என்று தினமும் நிரப்பி, தினமும் அது வழிய, இல்லாத ஒழுகலைத் தேடி அலைபவர்கள் பலர். அந்த ஓர் அங்குல இடைவெளி இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் கீழே தினமும் இறங்கினால் ஒழுகலைத் தேடுங்கள்.

பம்ப், ஹோஸ், பெல்ட்?

இவை சுருக்கமான விஷயம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் பேரிங்குக்குள் போய், ஒரு நாள் ஃபேன் கழன்று ரேடியேட்டரையே கிழிக்கும். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம் இருப்பதால், ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆக்சிலரேட்டரைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள், கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாமல். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் சரி.

எலக்ட்ரிக் ஃபேன் வைக்க ஆசைப்பட்டால் முதலில் டைனமோவைக் கேளுங்கள். பழைய டைனமோ 20 ஆம்பியர் அளவில்தான் தரும், அதுவும் ஐடிலில் மிகக் குறைவு. ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்தால் பேட்டரி காலி.

பம்பே இல்லாத கார்களும் உண்டா?

உண்டு. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஆரம்ப காலத்து சில ஆயிரம் வண்டிகளைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். அந்த ஓட்டமே போதும் என்று விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் சுழற்சி அப்படியே நின்றுவிடும். பம்ப் வண்டியில் ஒரு லிட்டர் குறைந்தால் சமாளிக்கும், இதில் சமாளிக்காது. தள்ளிவிட எந்திரம் இல்லாததால் மெல்லிய உப்புப் படிவம் கூட இங்கே பெரிய தடை.

கடைசியில் என்ன ஊற்றுவது?

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வி நியாயம்தான். உறையாமல் காப்பது நமக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துரு தடுப்பு மருந்து. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம். அதனால் கூலன்ட்டை அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்பது தப்புக் கணக்கு. அடர் கூலன்ட்டாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, மீதி டிஸ்டில்டு வாட்டர் என்பது நம் வெயிலுக்குப் போதும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு என்று விற்கிறார்களே, அந்தத் தண்ணீர். பேட்டரி ஆசிட்டை மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே கலந்து வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம்.

எந்த வகை? நீண்ட ஆயுள் தரும் ஆர்கானிக் ஆசிட் வகை புதுக் கார்களுக்கானது. ஈயப் பற்றும் பித்தளையும் உள்ள பழைய வண்டிகளுக்கு சிலிகேட் கலந்த பழைய பாணி கூலன்ட்டையே பிரிட்டனின் பழைய கார் ஆர்வலர்கள் பரிந்துரைக்கிறார்கள். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை என்றால் பழைய வகை என்பது எல்லா கம்பெனிக்கும் பொருந்தாது, லேபிளைப் படியுங்கள்.

கூலன்ட் ஊற்றியதும் புதிதாக ஒழுகல் தெரிந்தால் "பழைய வண்டிக்குக் கூலன்ட் ஒத்துக்காது" என்று முடிவு கட்ட வேண்டாம். தண்ணீர் நுழையாத இடுக்கிலும் அது நுழையும். ஒழுகலை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டிக் கொடுக்கிறது.

வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டு வைக்காதீர்கள். இனிப்புச் சுவையும் விஷமும் சேர்ந்தது அது. நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

வழியில் கொதித்துவிட்டால்?

ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அணைத்த பின்னும் மீட்டர் முள் கொஞ்சம் ஏறும், பதற வேண்டாம். உள்ளே தேங்கிய சூடு அது. மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தம் விட்டவுடன் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணி சுற்றிக்கொண்டு திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவு ஆறும் வரை, அரை மணியோ முக்கால் மணியோ, காத்திருங்கள். பிறகும் பச்சைத் தண்ணீரைக் குபுக்கென்று ஊற்றக் கூடாது. சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

எல்லா வேலையும் முடித்த வண்டியை உடனே நெடுந்தூரம் எடுத்துப் போகாதீர்கள். முதலில் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். ஆறியதும் அளவு பார்த்து, ஹோஸ் கிளிப்புகளை ஒரு சுற்று இறுக்குங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறித் தண்ணீர் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். பிறகு இருபது கிலோமீட்டர், மறுபடி அதே சோதனை. கூலன்ட்டை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ரேடியேட்டர் மேல் ஒட்டி வைத்தால் அடுத்து வரும் மெக்கானிக் போர் தண்ணீரை ஊற்றாமல் இருப்பார்.